வேப்பமரம் எந்த இலாகா?

2005 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் வைத்து நாம் வேப்பமரத்தை மீட்டோம். வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் வரும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை தங்களுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லி, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியிருந்தன. வந்தனா சிவாவும் ஐரோப்பியத் தோழர்கள் சிலரும் ஆட்சேபித்தார்கள். 2000-இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு 2005-இல் தள்ளுபடியானது. நியாயமான வழக்கு, நியாயமான தீர்ப்பு. நடத்தியவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்தத் தீர்ப்பை வைத்தே இத்தனை வருஷமாக வயிறு வளர்ப்பவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. மேடை கிடைத்தால் போதும்: "வெள்ளைக்காரன் நம் வேம்பைத் திருடப் பார்த்தான், விட்டோமா?" கைதட்டல். சால்வை. அடுத்த மேடை.

பந்தலுக்குப் பின்னால் நிற்கிற மரத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவராவது அண்ணாந்து பார்த்ததுண்டா?

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழி வந்ததும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். புளியமரம் பச்சை, புங்கன் பச்சை, வேம்பு மட்டும் யாரோ கொள்ளிக்கட்டையால் உச்சந்தலையில் சூடு வைத்ததுபோல் பழுப்பாக நிற்கும். இலை உதிர்ந்திருக்காது. காய்ந்த இலை காம்போடு தலைகீழாகத் தொங்கிக் காற்றில் சலசலக்கும். ஒரு கிளையை வளைத்துக் கையில் பிடியுங்கள். கொழுந்துத் தண்டில் பழுப்புத் தழும்பு, சில இடத்தில் பிசின் கசிவு, நுனியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் கருகல். செத்த குச்சியின் தோலில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் கடுகளவும் இல்லாத கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூஞ்சை குடியிருக்கும் வீடு அதுதான்; அடுத்த மழைத்துளி விழுந்ததும் அங்கிருந்துதான் வித்துகள் தெறிக்கின்றன.

பூஞ்சையின் பெயர் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே. இதை மைசூர் ஆய்வாளர்கள் கண்டு பெயர் வைத்த ஆண்டு 1997. தேதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேப்பெண்ணெய் பூஞ்சையைக் கொல்லும் என்பது யாருடைய அறிவு என்று மியூனிக்கில் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில், வேம்பையே கருக்கும் பூஞ்சையை மைசூரில் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். வழக்கை உலகமே படித்தது. கட்டுரையைப் படிக்க வேண்டியவர்கள் படித்ததாக எந்த அறிகுறியும் இல்லை.

பூஞ்சைக்கு ஒரு கூட்டாளியும் உண்டு: தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி. தேயிலை, முந்திரி, கொய்யா வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான எதிரி. இது கொழுந்தில் ஊசி குத்திச் சாறு உறிஞ்சும். குத்திய இடம் கருகும், அந்தப் புண் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். இவ்வளவு மருந்து வைத்திருக்கிற மரத்துக்கே நோயா என்று வியக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: வேம்பின் பேர்பெற்ற மருந்தான அசாடிராக்டின் பெரும்பாலும் கொட்டைப் பருப்பில் இருக்கிறது, நோய் தாக்குவது கொழுந்தை. கஜானாவில் பணம் இருந்தாலும் வாசலில் நிற்கும் காவல்காரருக்குச் சம்பளம் போய்ச் சேராத ஊரில் வாழும் நமக்கு இது புரியாமல் போகாது.

நோய் பரவியதும் ஊரில் காரணங்களும் பரவின. செல்போன் டவர் என்றார் ஒருவர். அம்மன் கோபம் என்றார் இன்னொருவர். பூமி சூடாகிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அதோடு கடமை முடிந்ததாக நடையைக் கட்டினார் மூன்றாமவர், படித்தவர்.

சரி, ஒரு மனு எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

வேளாண்மை அலுவலகத்தில் கேட்பார்கள்: "வேம்பா? அது பயிர்ப் பட்டியலில் வராதே சார்." தோட்டக்கலைக்காரர் மா, கொய்யா என்றால் உடனே வந்து பார்ப்பார். வனத்துறை கேட்கும் முதல் கேள்வி, மரம் காப்புக்காட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது. வெளியே என்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நெடுஞ்சாலைக்காரர் மட்டும் முகம் மலர்வார்: "எந்த கிலோமீட்டர் கல் பக்கத்தில் அண்ணே? விரிவாக்கத்தில் போகிற மரம்தானே?" வருவாய்த்துறைக்கு மரத்தின் சர்வே எண் வேண்டும். ஊராட்சிக்கு ஏலத் தேதி வேண்டும். பாட்டிக்கு அம்மை போட்டபோது தலைமாட்டில் இருந்த மரம், பிள்ளை பிறந்தபோது வாசல் நிலையில் செருகிய மரம், பல் விளக்கக் குச்சி கொடுத்த மரம், நோயில் விழுந்த அன்று இத்தனை துறைகளின் நடுவில் அனாதை ஆகிறது. வேம்புக்கு வாரிசுகள் கோடிக்கணக்கில். காய்ச்சல் என்றதும் ஆஸ்பத்திரிச் சீட்டில் கையெழுத்துப் போட ஆளில்லை.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த கிளைகளை வெட்டி எரியுங்கள், வெட்டுக்காயத்தில் போர்டோ பசை பூசுங்கள், கார்பென்டசிம் தெளியுங்கள், பூச்சிக்குத் தயாமெத்தாக்சம் தெளியுங்கள். விஞ்ஞானிகள் சொல்வது தப்பில்லை. நாற்பதடி மரத்தின் உச்சிக்கு மருந்து போகிற விசைத்தெளிப்பான் எந்த ஊராட்சியில் இருக்கிறது, ஏறி வெட்டுகிற ஆளுக்குக் கூலி எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தயாமெத்தாக்சம் தேனீயைக் கொல்லும் என்பதால் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் வயல்வெளியில் அதற்குத் தடை போட்டது. நாம் அதை வேம்பில் அடிக்கிறோம். ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு மாற்று என்று உலகத்துக்கெல்லாம் நாம் மார்தட்டிக் காட்டிய மரத்துக்கு வைத்தியம் ரசாயனப் பூச்சிக்கொல்லி. மேடைப் பேச்சாளர்கள் இதையும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாமே. சேர்க்கமாட்டார்கள், கைதட்டல் வராது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. தெருமுனை வேம்பின் அடிமரத்தில் ஆணிகளை எண்ணிப் பாருங்கள். மூலம் பௌத்திரம் ஒரு பலகை, ஸ்போக்கன் இங்கிலீஷ் ஒரு பலகை, வீட்டுமனை விற்பனை ஒரு பலகை. அந்த மனைப் பிரிவுக்குப் 'பசுமை' என்று பெயர் வேறு. மின்கம்பிக்காகக் கிளை கழிக்க வருகிறவர் நோய் மரத்தை வெட்டிய அதே அரிவாளோடு நல்ல மரத்துக்குப் போகிறார். அடிமரத்தைச் சுற்றி கழுத்தை நெரிக்கிற மாதிரி சிமென்ட் கல் பதிக்கிறோம், தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் விடுவதில்லை. கோயில் வாசல் வேம்புக்கு இன்னும் மரியாதை அதிகம். மஞ்சள் சேலை சுற்றி, பொட்டு வைத்து, ஆடியில் கூழ் ஊற்றி, பக்தர்கள் காலில் மண் படாமல் இருக்க வேர் முழுவதையும் டைல்ஸ் போட்டு மூடிவிட்டு, "ஆத்தா ஏன் வாடிப்போனா?" என்று குறி கேட்கிறோம். குறி சொல்பவர் டைல்ஸ் உபயதாரரின் பெயரைச் சொல்வாரா என்ன?

இதில் காசும் இருக்கிறது, அதையாவது யோசிப்பார்கள் என்று நினைத்தேன். உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்பது 2015 முதல் நாட்டின் விதி. எண்ணெய் கொட்டையிலிருந்து வர வேண்டும், கொட்டை பழத்திலிருந்து வர வேண்டும், பழம் பூவிலிருந்து வர வேண்டும். இந்த நோய் பூங்கொத்தைக் கருக்குகிறது, காயை அழுக வைக்கிறது. கடுமையாகத் தாக்கிய மரத்தில் காய்ப்பே இல்லாமல் போகிறது. வெயிலில் குனிந்து வேப்பங்கொட்டை பொறுக்கி, படி கணக்கில் விற்று, பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கிற கிழவிக்கு நட்டம் எவ்வளவு என்று எந்தத் துறையும் கணக்கெடுப்பதில்லை. அவருக்கும் சர்வே எண் கிடையாது.

அப்புறம் மரம் நடு விழா. உலகச் சுற்றுச்சூழல் நாளுக்குக் குழி தயார், பூவாளி தயார், போட்டோகிராபர் தயார், கன்று எங்கிருந்தோ வந்து இறங்கும். இந்தப் பூஞ்சை விதை வழியாகவும் போகும், கருவுக்குள்ளேயே இருக்கும் என்று மைசூர்க்காரர்கள் கண்டு சொல்லிப் பல வருஷமாயிற்று. நோய் மரத்தடியில் கூட்டிய கொட்டையைப் பையில் போட்டு முளைக்க வைத்து ஊர் ஊராக அனுப்பினால் கன்றோடு சேர்த்து நோயையும் லாரி ஏற்றி அனுப்பியதாகத்தான் அர்த்தம். விதை எந்த மரத்தில் எடுத்தது, பரிசோதித்தீர்களா என்று விழா மேடையில் கேட்டுப் பாருங்கள். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் இந்த மரம் லேசில் சாகிற ஜாதி கிடையாது. மார்கழியில் கருகிய வேம்பில் பெரும்பாலானவை மாசி பங்குனியில் மறுபடி துளிர் விடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு அடிபட்டு இளைத்துக்கொண்டே போகும், காய்க்காது, ஆனாலும் உயிரோடு நிற்கும். காய்ந்த குச்சிகளைக் காலத்தில் கழித்து எரித்து, அடியில் கொஞ்சம் மண்ணைத் திறந்துவிட்டு, இளங்கன்றுகளுக்காவது மருந்து தெளித்தால் தேறும் மரங்கள் எத்தனையோ. அதற்கு ஒரு ஆள், ஒரு ஏணி, ஒரு உத்தரவு போதும். உத்தரவு போட யாருக்கு அதிகாரம் என்று தீர்மானிப்பதற்குள் மரம் வாங்குபவர் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார். 'பட்ட மரம், பொதுமக்களுக்கு ஆபத்து' என்று ஒரு வரி எழுதினால் போதும். மனு மாதக்கணக்கில் நகராத மேஜைகளில் இந்தக் காகிதம் மட்டும் ஒரே நாளில் ஓடும். தை பிறந்ததும் ஏலம், மாசிக்குள் செங்கல் சூளை.

உங்கள் மனுவுக்கும் பதில் வராமல் போகாது. பங்குனிக் கடைசியில் பழுப்புக் கவரில் வரும்: மனுவில் கண்ட மரம் கள ஆய்வின்போது சம்பவ இடத்தில் இல்லாதபடியால், மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கருதி இம்மனு முடித்துவைக்கப்படுகிறது.