வேர் போட்டீங்களா?

மென்பொருள் நிறுவனம் எதுவானாலும் அங்கே ஒரு டிபிஏ இருப்பார். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பது முழுப் பட்டம். அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது. ஓஎம்ஆரின் கண்ணாடிக் கட்டடங்களில் இவரை அடையாளம் காண்பது சுலபம். அடுத்தவர் திரையில் கலர் கலராகப் பக்கங்கள் விரியும். இவர் திரையில் கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் ஓடும். ‘குட் மார்னிங்’ என்று சொன்னால் மற்றவர்கள் ‘குட் மார்னிங்’ என்பார்கள். இவர், ‘என்ன ஆச்சு?’ என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்றும் ஆகாத நாளில் இவரைத் தேடி வந்தவர் இல்லை.

“அண்ணா, டேட்டாபேஸ் ஸ்லோவா இருக்கு.”

“என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணுமே மாத்தலைண்ணா.”

“நேத்து ராத்திரி?”

“நேத்து ஒரு சின்ன ரிலீஸ் போச்சு. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

சம்பந்தம் இருக்கும். தேதிக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கும் டேபிளில், தேதியை எழுத்தாக மாற்றி ஒப்பிட்டிருப்பார் தம்பி. ஃபீல்டின் மேல் அப்படி ஒரு ஃபங்ஷனைப் போர்த்திவிட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. டேட்டாபேஸ் மொத்த டேபிளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாக வேண்டும். “என் மெஷின்ல நல்லா ஓடுதேண்ணா” என்பார் தம்பி. ஓடும். அவர் மெஷினில் இருப்பது 200 வரி. ப்ராடக்‌ஷனில் இருப்பது எட்டுக் கோடி.

யாரையும் நம்பாத இந்தக் குணம் இவருக்குப் பிறவியில் வந்ததல்ல. நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பது இவருக்கு மனப்பாடம்.

சந்தேகப் பட்டியலில் முதலிடம் ‘வேர்’ வரிக்கு. எந்தெந்த வரிகளைத் தொட வேண்டும் என்று டேட்டாபேஸுக்குச் சொல்வது அதுதான். ஒரே ஒரு வாடிக்கையாளரை நீக்க வந்தவர் அதைப் போட மறந்தால் எல்லா வாடிக்கையாளரும் போய்ச் சேருவார்கள். டேட்டாபேஸ் ஏன் எதற்கு என்று கேட்காது. இத்தனை லட்சம் வரிகள் நீக்கப்பட்டன என்று மரியாதையாகக் கணக்கு மட்டும் கொடுக்கும். அதனால் இவர் டெலீட் எழுதுமுன் அதே நிபந்தனையோடு செலக்ட் எழுதி எண்ணிப் பார்ப்பார். டிரான்சாக்‌ஷன் தொடங்கி, டெலீட் கொடுத்து, மறுபடி எண்ணிப் பார்ப்பார். கமிட் என்று அடித்துவிட்டு என்டர் தட்டுமுன் இன்னொரு முறை வேரைப் பார்ப்பார். மைஎஸ்கியூஎல்லில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ‘சேஃப் அப்டேட்ஸ்’ என்பது அதன் கௌரவமான பெயர். ‘ஐ ஆம் எ டம்மி’ என்று கொடுத்தாலும் அதே வேலையைச் செய்யும். ‘நான் ஒரு மண்டு’ என்று வாக்குமூலம் கொடுத்து உள்ளே போனால், வேரும் லிமிட்டும் இல்லாத டெலீட்டை அது செய்ய மறுக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவர் சிரிக்காமல் போட்டுக்கொள்வார்.

வேரைப் போட்டும் மாட்டிக்கொண்ட கதை ஒன்றும் இவரிடம் இருக்கிறது. 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில், 25,000 டாலருக்குக் கீழ் சம்பளம் வாங்குவோருக்கு 10 சதவீதம் உயர்வு என்று ஒரு சோதனைக் கட்டளை கொடுத்தார்கள். வேர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் சம்பள இண்டெக்ஸ் வழியாக நடந்துகொண்டிருந்தது. உயர்வு பெற்றவர் இண்டெக்ஸில் முன்னால் நகர்ந்து போய் நிற்க, அது அங்கே வந்ததும் அவரைப் புதியவர் என்று நினைத்து மறுபடியும் 10 சதவீதம் கொடுத்தது. 25,000-ஐத் தொடும் வரை யாரையும் விடவில்லை. அன்று ஹாலோவீன் நாள் என்பதால் ‘ஹாலோவீன் பிராப்ளம்’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அப்ரைசல் மாதத்தில் மட்டும், அந்தப் பிழையைச் சரிசெய்தவர்கள் மேல் இவருக்குக் கோபம் வரும்.

அடுத்த சந்தேகம் ‘நல்’ மேல். மதிப்பு தெரியவில்லை என்பதற்கு டேட்டாபேஸ் வைக்கும் அடையாளம் அது. ஒரு ‘நல்’ இன்னொரு ‘நல்’லுக்குச் சமமா என்று கேட்டால், ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது; தெரியாது என்றுதான் வரும். ‘நாட் இன்’ போட்ட பட்டியலுக்குள் ஒரே ஒரு ‘நல்’ புகுந்திருந்தாலும் போதும், விடையில் ஒரு வரிகூடக் கிடைக்காது. கலிபோர்னியாவில் ஒருவர், கணினியை ஏமாற்றலாம் என்று காருக்கு ‘நல்’ என்றே நம்பர் பிளேட் வாங்கினார். வண்டி எண் பதிவாகாத அபராதச் சீட்டுகளெல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. தொகை 12,000 டாலரைத் தாண்டியது. 2019-இல் அவரே இதை ஒரு மாநாட்டில் சொன்னார். டிபிஏக்கள் விழுந்து விழுந்து சிரித்த செய்தி அது.

‘நல்’ வேண்டவே வேண்டாம் என்று கதவடைத்தாலும் சிக்கல் தீராது. அமெரிக்கக் கிளையன்ட் வடிவமைத்த படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். இன்ஷியலோடு வாழ்க்கையை ஓட்டும் ஊரில் லாஸ்ட் நேமுக்கு எங்கே போவது? சிலர் அப்பா பெயரைப் போட்டார்கள். சிலர் தங்கள் பெயரையே இரண்டு முறை போட்டார்கள். பலர் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். ஆண்டு இறுதியில் குடும்பவாரியாக அறிக்கை எடுத்தால், கம்பெனியிலேயே பெரிய குடும்பம் புள்ளிக் குடும்பம். அவர்கள் எல்லாரும் உறவினரா என்று கிளையன்ட் மெயில் அனுப்பினார்.

அப்பா பெயரைத் தமிழிலேயே எழுதினால் அது வேறு வழக்கு. யுடிஎஃப் எட்டில் தமிழ் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தலா மூன்று பைட். கோபாலகிருஷ்ணன் உள்ளே வர 42 பைட் வேண்டும். பைட் கணக்கில் 30 என்று அளவு வைத்த ஆரக்கிள் ஃபீல்டு அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். தமிழே தெரியாத பழைய கேரக்டர் செட் என்றால் உள்ளே விட்டுவிட்டு வரிசையாகக் கேள்விக்குறி போடும். மைஎஸ்கியூஎல் ‘யுடிஎஃப் எட்டு’ என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று பைட்டோடு நிறுத்திக்கொண்டது. தமிழ் தப்பித்தது, நான்கு பைட் இமோஜி மாட்டிக்கொண்டது. 2010-இல் ‘யுடிஎஃப் எட்டு எம்பி நான்கு’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்து கணக்கைச் சரி செய்தார்கள்.

டீக்கடையில் நான்கு டிபிஏக்கள் கூடினால் ஐந்து கட்சி இருக்கும். ஆரக்கிள்காரர் லைசென்ஸ் விலையைக் குடும்பப் பெருமைபோல் சொல்வார். போஸ்ட்கிரஸ்காரர் அதை மெதுவாக ரூபாயில் மாற்றிக் காட்டுவார். மைஎஸ்கியூஎல்காரர், அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் மூத்த மகள் மை பெயரில் ஒன்றும், இளைய மகள் மரியா பெயரில் மரியாடிபி என்று இன்னொன்றும் வைத்த கதையை ஆரம்பிப்பார். எஸ்கியூஎல் சர்வர்காரர் எல்லாக் குவெரியிலும் ‘நோலாக்’ போட்டுவிட்டு, வேகம் பார்த்தீர்களா என்பார். கமிட்டே ஆகாத கணக்கையும் அது காட்டிவிடும் என்று மற்ற மூவரும் ஒரே குரலில் நினைவூட்டுவார்கள். பிறகு யாராவது அந்த ஜோக்கைச் சொல்வார்: ஒரு குவெரி ஓட்டலுக்குள் போனதாம், இரண்டு டேபிளைப் பார்த்ததாம், ‘ஜாயின் பண்ணிக்கலாமா?’ என்று கேட்டதாம். எல்லாருக்கும் தெரிந்த ஜோக். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆரக்கிள் படித்த யாரிடமும் ‘ஸ்காட்’ என்று சொல்லுங்கள், ‘டைகர்’ என்று பதில் வரும். பயிற்சிக்கான அந்தக் கணக்கின் யூசர் பெயர் தொடக்க கால ஊழியர் புரூஸ் ஸ்காட்டுடையது; பாஸ்வேர்டு அவர் வீட்டுப் பூனையுடையது. அதிலுள்ள எம்ப் டேபிளில் 14 ஊழியர்கள். கிளார்க் ஸ்மித்துக்கு 800, முதலாளி கிங்குக்கு 5,000. ஒவ்வொரு பேட்ச் மாணவர்களும் ஸ்மித்துக்கு 10 சதவீதம் ஏற்றிப் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்துவிடுகிறார்கள். பல பத்தாண்டுகளாக அவர் 800-லேயே இருக்கிறார்.

எக்செல் என்ற பெயரை இவர் காதில் போடாமல் இருப்பது நல்லது. “எங்க டேட்டாபேஸை அனுப்பறேன்” என்று ஃபைனான்ஸ் மேடம் சொல்வார். வருவது 14 ஷீட் கொண்ட எக்செல் ஃபைலாக இருக்கும். இவர் பதிலுக்கு 2020 அக்டோபர் பிரிட்டனைச் சொல்வார். பழைய எக்செல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் இடம். கோவிட் பரிசோதனை முடிவுகளை அதில் போட்டுக் கையாண்டதில், ஏறக்குறைய 16,000 தொற்றாளர்கள் கணக்கில் விட்டுப்போனார்கள். மேடம் கவனமாகக் கேட்டுக்கொள்வார். அடுத்த மாதம் 15 ஷீட் அனுப்புவார்.

பேக்கப் விஷயத்தில் இவர் தன்னையே நம்புவதில்லை. ‘பேக்கப் சக்ஸஸ்’ என்று தினமும் மெயில் வந்தாலும், மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்தால்தான் தூக்கம் வரும். 2017 ஜனவரி 31-இல் கிட்லாப் நிறுவனத்தின் இஞ்சினியர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துமுன் சுமார் 300 ஜிபி போய்விட்டது. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஐந்தும் கைகொடுக்கவில்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாற்றியது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நம்மவர் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பதறிக்கொண்டு பார்த்தார்.

கிளவுட் வந்ததும், இனி டிபிஏ எதற்கு என்று மேலிடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸ் பிறக்கிறது, பேக்கப்பையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆளாளுக்குப் பட்டனை அழுத்தினார்கள். மூன்றாம் மாதம் பில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸ் மேடமே இவர் சீட்டுக்கு வந்தார். இவர் பட்டியலைத் துழாவினார். ‘டெஸ்ட் ஃபைனல் நியூ இரண்டு’ என்ற பெயரில் ராட்சத மெஷின் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. இது யாருடையது என்று எல்லாருக்கும் மெயில் போட்டார். பதில் இல்லை. நினைவூட்டல் போட்டார். பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று சிவப்பு எழுத்தில் எழுதினார். ஒருவர் மட்டும், தன்னை இந்த மெயில் லிஸ்டிலிருந்து நீக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். திங்கள் காலை இவர் அதை அழிக்காமல், ஆஃப் மட்டும் செய்துவிட்டு ஒரு டீ சொன்னார். டீ வருமுன் மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

“அண்ணா, ப்ராடக்‌ஷன் டவுன்!”