கல்லூரி வாங்கும் சித்தப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒரு சித்தப்பா வந்து சேருவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் நாலைந்து கல்லூரிகளின் கையேடுகள், சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. பிள்ளை என்ன மார்க் என்று கேட்கமாட்டார். "பட்ஜெட் எவ்வளவு அண்ணே?" என்றுதான் தொடங்குவார்.

அண்ணன் மகள் "எகனாமிக்ஸ் படிக்கிறேன் சித்தப்பா, அதுலயும் நுகர்வோர் பொருளியல்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் மனிதருக்குக் கொண்டாட்டம்தான். ஆயுள் முழுக்கக் காய்கறிச் சந்தையில் தான் செய்துவரும் காரியத்துக்குப் பட்டம்கூடக் கொடுக்கிறார்களா! அந்தப் பெயரில் தனிப் பட்டம் நம் பக்கத்தில் அரிது, பி.ஏ. பொருளியலிலும் மனையியலிலும் ஒரு பாடமாகத்தான் வரும் என்பதை அன்று சாயங்காலமே விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார். கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் கடைசியில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'நுகர்வோர் உபரி' என்று பெயர், மார்ஷல் என்பவர் விளக்கியிருக்கிறார் என்று பாப்பா சொன்னால், "இதுக்கு ஒரு வெள்ளைக்காரன் வேணுமா? உன் சித்தி ஜவுளிக்கடையில தினம் பண்றதுதானே" என்பார்.

எதிர்க்கட்சியாக ஒரு தாய்மாமன் இருப்பார். கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்பது அவர் கொள்கை. ஏ.சி. வகுப்பறை, நீச்சல் குளம், வாசலில் யானை உயரத்துக்கு நீரூற்று. அடுத்தவர் பார்க்க வேண்டும் என்றே செலவழிப்பவர்களைப் பற்றி தோர்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். தாய்மாமன் அதைப் படித்ததில்லை, வாழ்ந்து காட்டுகிறார்.

சித்தப்பாவிடம் நீரூற்று எடுபடாது. கையேட்டில், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் 'ஏ பிளஸ் பிளஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், "நாக் கொடுத்தது எந்த வருஷம்? இன்னும் செல்லுமா?" என்பார். பிறகு வேலை நாளாகப் பார்த்து பஸ் ஏறுவார். கல்லூரிக்குள் போகமாட்டார், வாசல் டீக்கடையில் உட்கார்ந்து வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மாணவனாக ஒடித்துப் பார்ப்பார். "தம்பி, வாத்தியாருங்க கிளாஸுக்கு வர்றாங்களா? நிரந்தரமா, கௌரவ விரிவுரையாளரா? லைப்ரரில புத்தகம் வீட்டுக்குத் தருவாங்களா?" தரவரிசைப் பட்டியல்களைவிட எனக்கு இந்த டீக்கடை ஆய்வில் நம்பிக்கை அதிகம்.

அவருடைய அரங்கேற்றம் கட்டணக் கவுன்டரில்.

"எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?"

"எய்டட் முடிஞ்சுபோச்சு சார். செல்ஃப்லதான் இருக்கு."

"அதே பாடம், அதே காம்பவுண்டு, பட்டமும் அதே யுனிவர்சிட்டி. ஃபீஸ் மட்டும் எப்படிங்க பல மடங்கு?"

பதில் வராது. நியாயமான கேள்வி, பதில் சொல்லும் அதிகாரம்தான் அந்த கிளார்க்குக்கு இல்லை. சித்தப்பா சிவப்புப் பேனாவைத் திறப்பார்.

"எகனாமிக்ஸுக்கு எதுக்கு லேப் ஃபீஸ்?"

"கம்ப்யூட்டர் லேப் சார். புள்ளிவிவரமெல்லாம் அதுலதான் போடணும்."

"பாப்பா வீட்டு லேப்டாப்புலயே போட்டுக்கும். கழிச்சிடுங்க."

ஒரு கோடு. விளையாட்டுக் கட்டணத்துக்கு இன்னொரு கோடு: "இவ ஓடி நான் பார்த்ததே இல்லை." பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிடும். பாப்பா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, யாரோ ஒருவருடைய அண்ணன் மகளாக நிற்பாள்.

கடைசியில் அரசு கலைக் கல்லூரிக்கு வந்து நிற்பார். அங்கே அவர் கண்கள் கலங்கும். விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், ஆகவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 36,000 என்று பேனா கணக்குப் போடும். சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "அண்ணே, கட்டுறதைவிட வர்றது ஜாஸ்தி! இப்படி ஒரு சரக்கை நான் வாங்கினதே இல்லை." பேரம் பேச ஒன்றுமில்லாத வருத்தத்தில், 50 ரூபாயில் அந்த 2 ரூபாய் எதற்கு என்று மட்டும் கேட்டுப் பார்ப்பார்.

அவரைக் கஞ்சன் என்று உறவினர்கள் சொல்வது அநியாயம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஒரு பொருளை, டீ குடித்துக்கொண்டு நாலு பேரிடம் விசாரிக்காமல் வாங்குகிறவர்கள்தான் ஊரில் அதிகம். ஆகவே உங்கள் வீட்டுச் சித்தப்பாவை அடுத்த மே மாதம் தாராளமாகக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். கிளம்பும்போது அந்தப் பேனாவை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். முடிந்தால் போகிற வழியில், எந்தக் கல்லூரி பிடித்திருக்கிறது என்று பாப்பாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். சித்தப்பா அதை விசாரித்திருக்க மாட்டார்.