நொக்ஸ் விதி: கமராப் பையின் எடை குறித்து ஓர் ஆய்வு

வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தக் கமரா நல்லது என்ற கேள்விக்கு இதுவரை கடைக்காரர்களே விடை சொல்லி வந்திருக்கிறார்கள். போய் எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு. களம், கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கம், மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கும் கட்டைபறிச்சான். ஆய்வுப் பொருள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஆடி ஆவணியில் அங்கு வந்திறங்கும் மருமகன்மாரும் அவர்களுடைய முதுகுப் பைகளும்.

மரபுப்படி முன்னோடிகளிலிருந்து தொடங்குவோம். இந்தக் குடாவில் கப்பலால் இறங்கி ஊர் பார்த்த வெளிநாட்டவருள் புகழ் பெற்றவர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற கப்பலைச் சீர்செய்யத் தந்தையோடு வந்தவர், 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். மரம் வெட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதே அவர்களது பயணத் திட்டம். அது 19 ஆண்டுகளுக்கு நீண்டது. கமரா பிறக்காத காலம்; கையில் தாளும் இல்லை. தொப்பி பின்னி விற்றுச் சீவித்தவர், 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடி, ஊர் திரும்பும் கப்பலில் எழுதத் தொடங்கிய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. கண்டி இராச்சியத்து மக்கள் எப்படி உழுதார்கள், எப்படி உண்டார்கள் என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இதிலிருந்து நொக்ஸ் விதி பிறக்கிறது: கருவிகளின் எடை கூடக்கூட ஊரில் நிற்கும் நாள் குறையும், நாள் கூடக்கூட எடை குறையும்.

விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் நீர்மூழ்கிச் சாமான்களும் கடலுக்கடியில் படமெடுக்கும் கமராக்களுமாக இலங்கைக்கு வந்தார்கள். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் கிடக்க, 1956இல் அங்கு மூழ்கிய வில்சன் ஒரு சிவலிங்கத்தையும் கண்டெடுத்தார். இத்தனை சுமையோடு வந்தும் வென்றார்களே என்று எதிர்வாதம் எழலாம். ஆனால் கிளார்க் இலங்கையிலேயே குடியேறி, 2008இல் கொழும்பில்தான் காலமானார். ஆகவே விதி உடையவில்லை, ஒரு திருத்தம் மட்டும் சேர்கிறது: பாரமான பையோடு வருபவர் திரும்பிப் போகக்கூடாது.

இன்றைய மருமகன் இந்தத் திருத்தத்தை ஏற்பதில்லை. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. உதிரி லித்தியம் பற்றரிகளைப் பெட்டியில் போடவும் முடியாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். அதனால் லென்ஸ்கள் கழுத்திலும் பற்றரிகள் கால்சட்டைப் பையிலுமாக மனிதரே ஒரு பெட்டியாக மாறிக் கட்டுநாயக்காவில் இறங்குகிறார்.

இனி லென்ஸ். திருகோணமலையில் மான் உண்டு என்று கேள்விப்பட்டு 300 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்குகிறார்கள். பிரெடெரிக் கோட்டைப் புள்ளிமானுக்கு மனிதக் கூச்சம் கிடையாது. அது நேரே வந்து பையை முகரும். அந்த நீள லென்ஸ்கள் பலவற்றுக்கோ ஒரு மீற்றருக்குக் கிட்ட வந்த எதுவும் தெளியாது. மருமகன் ஓரடி பின்வாங்க, மான் ஓரடி முன்வர, வாசல்வரை இந்த ஆட்டம் நடக்கும். கடைசியில் பக்கத்தில் நிற்கும் மாமி தன் போனில் மானின் மூக்கை எடுத்துவிடுவார். திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குப் போனால் நீள லென்ஸ் உதவும்தான், படகு ஆடாதிருந்தால்.

காலக்கணிப்பு தனிச் சிக்கல். கமராவின் மணிக்கூட்டை எவரும் மாற்றுவதில்லை. கோடையில் ரொறன்ரோ இலங்கைக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னே நிற்கிறது. எனவே சம்பூர்க் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு எடுத்த சூரியோதயம், கமராவின் பதிவில் முந்தின நாள் இரவு எட்டரைக்கு நிகழ்ந்திருக்கும். கல்வெட்டுக் காலத்துக்கு அடிபடும் அறிஞர்கள் இதையும் கவனிக்கலாம்.

பயணத் திட்டமோ பெரும்பாலும் தாளில் மட்டுமே நிறைவேறுகிறது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி எல்லாம் குடாவுக்கு அந்தப் பக்கம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி இலகுதான். வான் ஐந்தரைக்கு வெளிக்கிடும் என்பது மருமகனின் கணக்கு. “வெறும் வயித்தோட போகப்படாது தம்பி” என்பது மாமியின் கணக்கு. பிட்டு அவிந்து, சட்டித் தயிர் வந்து, எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமும் ஒரு தேத்தண்ணி குடித்து முடிய, சுவாமி மலையில் ஏறும்போது நண்பகல். ஆகஸ்ட் கடைசியில் அந்த நேரத்துச் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கும். தொப்பி போட்டவருக்குப் படத்தில் முகமே இராது. கருவறைக்குள் படமெடுக்கவும் விடமாட்டார்கள்.

மாமிக்கு மலையும் மானும் பொருட்டல்ல, அவருக்கு ஆட்கள் வேண்டும். காரணம் உண்டு. 2006இல் போரால் மூதூர் கிழக்கு முழுவதுமே இடம்பெயர்ந்தபோது அல்பத்தைத் தூக்க யாருக்கு நேரம் இருந்தது? கல்யாணப் படம்கூட இல்லாத வீடுகள் இருக்கின்றன. ஆகவே பின்னேரம் வெயில் தணிய, முற்றத்தில் கதிரை போட்டு, கொண்டைக்குப் பூ வைத்து எல்லாரும் வரிசைக்கு வருவார்கள். இந்த ஒரு படத்துக்கு 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் ஒரு முக்காலியும் போதும். மருமகனின் பையில் முக்காலியைத் தவிர எல்லாம் இருக்கும். அதனால் குடும்பப் படங்களில் அவர் மட்டும் இருக்கமாட்டார்.

நொக்ஸ் விதியை மாமி படித்தவரல்ல. ஆனால் கிளார்க் திருத்தம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பையைத் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிட்டவர், பக்கத்து வளவு விலைக்கு வந்திருக்கிறதென்றும் கிணற்றுத் தண்ணி நல்லதென்றும் அன்றிரவே பேச்சைத் தொடங்குகிறார்.