மணிகரண் ஆற்றுப்படை: கீழ்புத்துப்பட்டுக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஊர்க்காரர் ஒருவர், சுடுதண்ணீரில் உட்காருவதற்காக இமயமலை ஏறுவது ஏன்? இதுவே நம் ஆய்வுச் சிக்கல். களம்: மரக்காணம் உப்பளக் கரையை அடுத்த கீழ்புத்துப்பட்டு. காலம்: அக்கினி நட்சத்திரம். தரவு திரட்டிய இடம்: டீக்கடை பெஞ்சு.

முன்னோர் ஆய்விலிருந்து தொடங்குவது மரபு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பிவைக்கிறான். வழியில் இந்த நெய்தல் கரையில் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்று ஆசையும் காட்டுகிறான். போய் வந்தவன் போகாதவனைக் கிளப்பிவிடும் இந்த வழக்கம் இன்றும் ஓயவில்லை. அன்று தேரோடு திரும்பினார்கள். இன்று குல்லு சால்வையோடும் இருமலோடும் திரும்புகிறார்கள். ஆகவே நம் கருதுகோள்: வெந்நீர் ஊற்றுக்கு ஆளை இழுப்பது சூடு அல்ல, போய் வந்தவரின் வாய்.

சோதிப்போம். இமாசலப் பிரதேசத்தில், பார்வதி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வெந்நீர் ஊற்றுகள் கொண்ட மணிகரண். சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். பிறகு ராத்திரி முழுக்க பஸ். புந்தரில் இறங்கினால் இன்னும் 35 கிலோமீட்டர் மலைப்பாதை. தண்ணீரைச் சுடவைக்க அங்கே எரிமலை ஏதும் இல்லை. மழையும் உருகிய பனியும் பாறை வெடிப்புகளில் ஆழ இறங்கி, பூமிச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே பீறிடுகின்றன. பார்வதி தொலைத்த காதணி மணியை ஆதிசேஷன் சீறி வெளியே தள்ளியபோது கிளம்பிய தண்ணீர் என்பது தலபுராணம். கூட்டம் சேர்ப்பது பின்னதுதான்.

அங்குள்ள சீக்கியர்களின் குருத்துவாராவில் லங்கர் எனும் பொதுப்பந்திச் சமையலே அந்த ஊற்றில்தான். பயணிகளும் அரிசியையோ கடலையையோ துணியில் முடிந்து இறக்குகிறார்கள், வெந்துவிடுகிறது. ஆய்வாளர் இங்கே நிதானிக்க வேண்டும். சோறு வேகும் தண்ணீரில் ஆள் இறங்க முடியாது. ஆறவைத்துத் தேக்கிய குளத்தில்தான் குளியல். அதாவது இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போனவர் அங்கேயும் விளாவித்தான் குளிக்கிறார்.

இனி ஒப்பீடு. உப்பளத்தில் உவர்நீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் வற்றி, போமே அளவையில் 25 டிகிரி அடர்த்தியை நெருங்கும்போது உப்பு இறங்கத் தொடங்கும். தாதுச் சத்துதான் கணக்கு என்றால், இந்தப் பாத்தித் தண்ணீர் முன்னால் மணிகரண் ஊற்று நிற்காது. இதில் தினமும் நின்று உப்பு வாருகிறவர்களின் பாதத்தைப் பார்த்தால் தாதுநீர்ச் சிகிச்சையின் மறுபக்கம் தெரியும்: காய்த்துப்போன தோல், வெடித்த குதிகால், விரலிடுக்கில் ஆறாத புண். விடிகாலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிய ஒரு அம்மாவிடம் கருத்துக் கேட்டோம்.

"ஏன் சார், சுடுதண்ணியில உக்காந்தா காசு குடுப்பாங்களா, வாங்குவாங்களா?"

வாங்குவார்கள் என்றோம். அதன்பின் அவர் ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

இலங்கையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் சேர்க்கச் சொன்னார்கள் இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில். ஏழு கிணறு, ஏழு விதச் சூடு, இராவணன் தாய்க்குக் கடன் கழித்த கதை, எல்லாம் சரி. ஆனால் நம் ஆய்வு மலையேறுவதைப் பற்றியது, அது மலைநகரம் அல்ல. வருத்தத்தோடு விலக்கினோம்.

மலையேற்றம் வேண்டுவோருக்கு மணிகரணுக்கு மேலே கீர்கங்கா உண்டு. பர்ஷைனியிலிருந்து மணிக்கணக்கில் நடந்தால், 3,000 மீட்டரை நெருங்கும் உயரத்தில் இன்னொரு வெந்நீர்க் குளம். நம் ஊரில் அதற்கு நிகர் ஐயனார் கோயில் காடு. வறண்ட கரையில் கோடையிலும் இலை உதிர்க்காத மரங்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, நிழலில் துண்டை விரித்துப் படுத்தவரை எழுப்புவது கடினம். இளைப்பாறுதலில் ஐயனாருக்கே முதலிடம்.

ஆனால் கருதுகோள் வென்றது. மணிகரண் போய் வந்த ஒருவர் டீக்கடையில், "மாப்ள, சாவறதுக்குள்ள ஒரு தடவ போயிட்டு வந்துடு" என்றதும் மூன்று பேர் டிக்கெட் விலை விசாரித்தார்கள். மழைக்கால மண்சரிவு பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

எனவே போகிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். குருத்துவாராவில் தலையை மூடக் கைக்குட்டை வேண்டும். லங்கரில் சோறு இலவசம். ஊறுகாய் மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.