இன்ச் டேப் மாமா

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பெண்ணின் கழுத்தில் எத்தனை பவுன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டு ஆண்களின் வெறுங்கழுத்தை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்தான் இவர்.

போன வருஷம் வரை இவரும் நம்மைப் போலத்தான் தூங்கினார். கொஞ்சம் சத்தமாக, அவ்வளவுதான். பிறகு ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து, தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். 30-ஐத் தாண்டினாலே தீவிரம். மூக்கில் மாட்டிக்கொள்ளும் சீபாப் மெஷினோடு வீடு திரும்பினார். அன்றிலிருந்து அவர் நன்றாகத் தூங்குகிறார். சொந்தபந்தத்தில் வேறு யாரும் தூங்குவதாகத் தெரியவில்லை.

பேனா இருக்கவேண்டிய சட்டைப் பையில் மஞ்சள் இன்ச் டேப்.

“மாப்ளே, உன் சைஸ் என்ன?”

சட்டை எடுத்துத் தரப்போகிறார் என்று நம்பி, “42 மாமா” என்றேன்.

“அது நெஞ்சு. நான் கழுத்தைக் கேக்குறேன்.”

மறுப்பதற்குள் டேப் விழுந்துவிட்டது. முனையைக் கட்டைவிரலால் தொண்டைக்குழியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “பதினேழரை!” என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கூவினார். “ஆம்பளைக்கு 17, பொம்பளைக்கு 16. அதைத் தாண்டினா உசாரா இருக்கணும்.”

டாக்டர்கள் கழுத்தை இந்த நோயின் பல அடையாளங்களில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். குறட்டை, பகல் தூக்கம், ரத்தக்கொதிப்பு, உடல் எடை, ஐம்பதைத் தாண்டிய வயது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மாமாவிடம் இருப்பது டேப் ஒன்றுதான் என்பதால் கழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒரே கல்யாணத்தில் சமையல் மாஸ்டர், போட்டோகிராபர், தவில்காரர், மொய் எழுதிக்கொண்டிருந்தவர் என்று ஒருவரும் தப்பவில்லை. மொய் எழுதியவர் பாவம், ரூபாயைத் தப்பாகப் போட்டுவிட்டார்.

நாதஸ்வரக்காரரை மட்டும் விட்டுவிட்டார். “ஊதுறவங்களுக்குத் தொண்டைச் சதை இறுகிடும் மாப்ளே.” அளக்கப்போய்த் திட்டு வாங்கியதை மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், டிஜெரிடூ என்கிற ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீளக் குழலை ஊதப் பழகியவர்களுக்கு இந்த உபாதை குறைந்தது என்று சுவிட்சர்லாந்தில் நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபலில், 2017-இன் அமைதிப் பரிசே அதற்குத்தான். மாமா சரியாகச் சொல்லிவிடுகிற சமயங்களைத்தான் தாங்கவே முடிவதில்லை.

நோயை விளக்க அவருக்கு ஒரு பேப்பர் ஸ்ட்ரா போதும். பழரசத்தில் ஊறி நைந்துபோன ஸ்ட்ராவை வாயில் வைத்துப் பலமாக இழுப்பார். அது நடுவில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். “இதான் என் தொண்டை. தூக்கத்துல சதை தளருது, நாக்கு பின்னால சரியுது, வழி அடைச்சுக்குது. பத்து செகண்டு காத்து போகலைன்னா ஒரு தடவைன்னு கணக்கு. மூளை பதறி எழுப்பிவிடும். நமக்கு ஞாபகமே இருக்காது.” பிறகு அதே ஸ்ட்ராவில் ஊதுவார். ஒட்டியது விரிந்துகொள்ளும். “இதான் மெஷின்.” எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இரண்டு சொட்டுப் பழரசம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் செய்துகாட்டிய வேலையை, என்னமோ சித்தப்பா மகன் செய்ததுபோல் சொல்லிக்கொள்வார்.

குடும்ப வாட்ஸப்பில் மற்றவர்கள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுகிற நேரத்தில், இவர் மார்க் போடுவார். ‘நேற்று 1.4.’ மணிக்கு ஐந்து தடவைக்குக் கீழே இருந்தால் நார்மல். பெரியப்பா ஒரு தடவை அதைக் கிரிக்கெட் ஓவர் என்று நினைத்து, ‘யார் பவுலிங்?’ என்று கேட்டுவிட்டார்.

வெளியூரில் தங்கினால் மெஷினுக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு நான்தான் அலைவேன். “மெடிக்கல்ல வாங்கு. பங்க்ல விக்குற பேட்டரி தண்ணி வேணாம்.” ரயிலில் இவர் முகமூடியோடு படுத்திருப்பதைப் பார்த்து எதிர் பெர்த் குழந்தை அழுத கதையை அவரே சொல்வார், பெருமையாக.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே கண் அசந்திருக்கிறார். இப்போது காலை ஐந்துக்கே எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கிறது. டீக்கடையில் நின்றபடியே தூங்கிவழிந்த வேன் டிரைவரை மூன்று வாரம் போனில் நச்சரித்துப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். அந்த டிரைவர் இப்போது தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து தருகிறார். முறுக்கை நானும்தான் சாப்பிட்டேன்.

ஆனால் அத்தை விஷயத்தை என்னால் விட முடியவில்லை.

அத்தைக்குக் குறட்டைச் சத்தம் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். சட்டென்று அறை அமைதியாகிவிடும். அத்தை எழுந்து உட்கார்ந்துகொண்டு, பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணுவார். பிறகு விலாவில் ஓர் இடி. முங்கியவன் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல் மாமா ஒரு மூச்சை இழுப்பார். இப்படி இருபத்திரண்டு வருஷம். காலையில் சொன்னால், “நான் எங்கே தூங்கினேன்? சும்மா கண்ணை மூடிப் படுத்திருந்தேன்” என்பார். அத்தை இருபத்திரண்டு வருஷம் சொன்னது புலம்பல், ஒயர் ஒரு ராத்திரி சொன்னது ரிப்போர்ட். இப்போது ஊரெல்லாம் சொல்லும் கதையில், நோயைக் கண்டுபிடித்தவரும் இவரே. அத்தை அதில் வருவதே இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தேன். அத்தை நாலு மணிக்கு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே, காய் கையில் இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த உபாதை கூடுகிறது என்று எனக்குச் சொன்னதே மாமாதான்.

“மாமா, அத்தை கழுத்தை அளந்தீங்களா?”

“அவளுக்கென்ன, படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிருவா” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே என்னமோ போல் ஆகியிருக்க வேண்டும். மெதுவாகப் பையில் கைவிட்டு டேப்பை உருவினார். பக்கத்தில் போய்க் குனிந்தார்.

அத்தை கண் விழித்தார். டேப்பைப் பார்த்தார்.

“அட, இது உங்ககிட்டயா இருக்கு? ரவிக்கை தைக்கணும்னு தை மாசத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்.”

பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். தையல் மெஷின் டிராயரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.