பிறந்த தேதியை எந்தக் கவுன்ட்டரில் மாற்றுவது?

அனுப்புநர்: ரேஷன் அட்டைதாரர் ஒருவர், ராஜபாளையம். பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பிறந்த தேதி ஏற்கெனவே பலரிடம் இருக்கிறது.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம்.

பொருள்: களவு போன விவரங்களில் எதை, எங்கே, எப்படி மாற்றுவது என அறிவுறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிரிவு 15.

ஐயா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் விவரங்களைப் பாதுகாக்க வந்த சட்டத்தில் எங்களுக்கும் கடமைகளை எழுதி வைத்திருக்கிறீர்கள். பொய்யான புகாரோ அற்பமான புகாரோ கொடுத்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பறிகொடுத்தவன் ஸ்டேஷன் வாசலை மிதிக்கும்போதே அவனை எச்சரித்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஆகவே இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். சும்மா ஒரு விசாரிப்பு.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் நின்றுபோகும், கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் அண்ணாச்சியின் பெயர், கதவு எண், ஆதாரின் கடைசி நான்கு எண் எல்லாவற்றையும் அவனே சொல்லியிருக்கிறான். அப்பா பெயரை இனிஷியலோடு சொன்னதும் அண்ணாச்சி நம்பிவிட்டார். மீதியை இவர் சொன்னார். கணக்கில் இருந்தது போயிற்று. "எங்க அப்பா பேரு தெரிஞ்சவன் களவாணியாவாய்யா இருப்பான்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும் என்பது சரியான அறிவுரைதான், அதில் பகடி இல்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்து மூலமாகப் பதிய வேண்டும். வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியே எங்கோ கசிந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. ஓ.டி.பி.யை நாமே கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போதும் புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. இந்த விதி எந்தக் கிளைச் சுவரிலும் ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை. 'ஓ.டி.பி.யைப் பகிராதீர்' மட்டும் எல்லாச் சுவரிலும் இருக்கிறது.

பணக் கணக்கு அத்தோடு முடிந்தது. விவரக் கணக்குதான் முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்கிறார்கள், மாற்றியாயிற்று. அப்பா பெயரை யார் மாற்றித் தருவார்கள்? ஆதார் எண்? பிறந்த தேதி? ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்றார்கள். அண்ணாச்சியின் மகள் பூட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரம் ரேஷன் கடையில் விரல் வைத்தால் விழவில்லை. தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும். ரேஷன் கடை வரிசை பத்து நிமிடத்தில் முடிந்ததாக இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் இல்லை.

ரேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. ரேஷன் அட்டையில் அரசு முத்திரை இருக்கும், அதில் ஒரு கோபுரம். அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்பது எங்கள் கட்சி. (மதுரைக்காரர்கள் வேறு சொல்வார்கள், விடுங்கள்.) கோபுரம் யாருடையதோ, அட்டை விவரம் எல்லோருடையதும் ஆகிவிட்டது. 2021 ஜூனில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடப்பதாக ஒரு பெங்களூரு நிறுவனம் சொன்னது. ஆதார் எண், முகவரி, கைப்பேசி எண் இவற்றோடு வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் இருந்ததாம். 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட், போன் எண்ணைப் போட்டால் கொரோனா தடுப்பூசி போட்டவரின் அடையாள எண்ணையும் பிறந்த தேதியையும் எடுத்துக் கொடுத்தது. ஆதாரமற்ற, விஷமத்தனமான செய்தி என்றது சுகாதார அமைச்சகம். அதே மாதம் டெல்லி போலீஸ் பீகாரில் ஒருவரைக் கைது செய்தது. ஆதாரமற்ற செய்திக்கு ஆள் மட்டும் கிடைத்துவிட்டார்.

2024 மே மாதம் நடந்தது இன்னும் விசேஷம். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். நிர்வாகியின் கடவுச்சொல் பறிபோனது என்று துறையே விளக்கம் தந்தது. பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பு எடுக்கும் அதே துறைதான்.

ஆக, அண்ணாச்சியின் அப்பா பெயர் எந்த வாசல் வழியாக வெளியே போனது என்று எங்களால் சொல்ல முடியாது. அத்தனை வாசல் இருக்கிறது. அதில் ஜெராக்ஸ் கடை வாசலும் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போன இடத்தில் ஒருவர் மாங்காய்க் கீற்றை மடித்துக் கொடுத்தார். தாளைப் பிரித்தால் ஒரு பாட்டியம்மாவின் ஆதார் நகல், மை மங்கி அரைகுறையாக விழுந்தது. எண் மட்டும் பளிச்சென்று இருந்தது, மேலே மிளகாய்த் தூள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அந்த எச்சரிக்கை வாபஸ் ஆனது. உருப்படியான ஒரு யோசனைக்கு அவ்வளவுதான் ஆயுசு.

இப்போது உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். படித்ததும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்ற வரி வந்ததும் சாய்ந்துகொண்டார். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு. அலட்சியமாக இருந்த நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. அதையும் நீக்க ஏற்பாடு. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க 17-ஆம் பிரிவு தயார். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கடமை நல்ல கடமை. ஆனால் 2025 நவம்பரில் விதிகள் வந்த பிறகும் அதற்கு 18 மாத அவகாசம். களவாணிக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான்.

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அந்நியன் சுவரேறும்போது குரைக்கும். நீங்கள் வளர்ப்பது, அவன் சாமானோடு போன பிறகு வீட்டுக்காரனைப் பார்த்துக் குரைக்கிறது.

கோரிக்கை பெரிதில்லை. எந்த அலுவலகத்திலிருந்து எங்கள் விவரம் கசிந்தாலும், 'உங்களுடையது இன்னின்னது போயிற்று' என்று தமிழில் ஒரு கடிதம் வீட்டுக்கு வர வேண்டும். முகவரி எல்லோரிடமும் இருக்கிறது. அபராதத்தில் ஒரு பங்கு பறிகொடுத்தவருக்குச் சேர வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஆதார் நகல் கேட்பவரைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். அதுவரை, எங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்திலும், எவனாவது கடன் வாங்கியிருக்கிறானா என்று வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தரப்படும் கடன் அறிக்கையிலும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரேஷன் அட்டைதாரர்

இணைப்பு: ஏதுமில்லை. ஆதார் நகல் இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.