ஷையாவது சீனாக்காரனாவது!

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. உங்க பூட்டன் எழுதி வச்ச நோட்டுகளத் தகரப்பெட்டியிலருந்து எடுத்து, எழுத்தெழுத்தாப் பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துறயாமே. நல்ல காரியம். பானிப்பட்டுல எவன் செயிச்சான்னு சொல்லிக் குடுத்தாக. நம்ம கருசக்காட்டுல அந்த வருசம் பருத்தி வெடிச்சுச்சான்னு எவன் சொல்லிக் குடுத்தான்?

நேத்து உந்தங்கச்சி நீ ஏத்துனத வாசிச்சுக் காட்டுனா. 'ஷை என்ற சீன வியாபாரி நம் ஊருக்கு அடிக்கடி வந்து பருத்தி வாங்கியிருக்கிறார்.' வெத்தல எச்சி பொரையேறிப் போச்சுய்யா எனக்கு. அடேய், ௸ன்னா மேற்படி. மேல சொன்ன ஆளேதான்னு அர்த்தம். அதத்தான் 'ஷை'ன்னும் எழுதுவாக. ஒரு வரி மேல ஏறிப் பாத்திருந்தா, ஒஞ் சீனாக்காரன் செக்கடித் தெருத் தரகன்னு தெரிஞ்சிருக்கும்.

பக்கத்துக்குப் பக்கம் தலையில '2'ன்னு போட்டிருக்கயே, மனுசன் ஆயுசு பூரா ரெண்டாம் பக்கத்தையேவா எழுதிக்கிட்டிருந்தாரு? அது 'உ'ங்கிற பிள்ளையார் சுழி. தலையில தனியா நின்னா பிள்ளையாரு, படிக்குப் பக்கத்துல நின்னா பழைய தமிழ் எண்ணுல ரெண்டு. 'அ படி கம்பு'ன்னு வந்தா, அது எட்டுப் படி.

தாது வருசத்துக் கூத்து இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. 'தாது வருஷம் ஐப்பசி, கண்மாய் நிறைந்தது'ன்னு அவரு எழுதியிருக்காரு. நீ கூகுளத் தட்டி, 1876 தாது வருசப் பஞ்சத்துல லட்சக்கணக்குல சனம் செத்தப்ப நம்ம ஊருல மட்டும் மழை கொட்டுச்சுன்னு ஏத்திப்புட்ட. அறுபது வருசத்துக்கு ஒருக்கா தாது சுத்தி வரும்டா. இது 1936 தாது. பூட்டனே பொறக்காத வருசத்துல கண்மாய் நெறஞ்சத யாருய்யா போயிப் பாத்தது?

இதெல்லாம் சில்லறைத் தப்பு, விடு. எனக்குக் கோவம் வேற எடத்துல. 'சீமெண்ணெய் இல்லை. ஆமணக்கெண்ணெய் விளக்கு.' சித்திரபானு வருசத்து நோட்டுல இருந்த இந்த வரிய, முக்கியமில்லைன்னு தள்ளிட்டயாமே? சித்திரபானுன்னா 1942. அந்த மார்ச்சுலதான் ஜப்பான்காரன் ரங்கூனப் பிடிச்சான். பர்மா எண்ணெயும் நின்னுச்சு, பர்மா அரிசியும் நின்னுச்சு. ரங்கூன் எந்தத் தெசையில இருக்குன்னு பூட்டனுக்குத் தெரியுமோ என்னமோ, அவரு வெளக்குக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பக்கத்த எடுத்துப் பாரு, வரி கோணிக்கிட்டுக் கீழ எறங்கும். கண்ண இடுக்கி இடுக்கி எழுதுன கை.

அப்புறம், 'மளை'ன்னு இருந்தா 'மளை'ன்னே ஏத்து. அவரு வாய் அப்படித்தான் பேசுச்சு. நீ என்ன மார்க்குப் போட வந்த வாத்தியாரா?

எழுதாம விட்டதையும் பாத்துக்க. மயிலைக்காளைக்குக் கழிச்சல் கண்டதுக்கு ஏழு வரி எழுதுன மனுசன், உங்க பூட்டி பிள்ளை பெத்த அன்னைக்கு 'பெண்'ணுன்னு ஒத்தச் சொல்லோட நிறுத்திட்டாரு. பூட்டி பேரு எந்த நோட்டுலயாச்சும் ஆப்பிட்டுச்சா? தேடு, தேடு. வரப்புத் தகராறுல மட்டும் நாள் தவறாம இவருதான் யோக்கியரு. பங்காளி வீட்டுலயும் ஒரு நோட்டு இருக்கும், போயிக் கேளு. குடுக்கமாட்டான், ஆனா அவன் மூஞ்சி போற போக்கப் பாத்தாலே பாதி வெளங்கிரும்.

இப்ப எந்த வருசத்துக்கு வந்திருக்க? 1957ஆ? ம்ம். ஏப்ரல் ஒண்ணாந்தேதி நயா பைசா வந்த வருசம். அணாவுக்கு ஆறே கால் பைசா கணக்கு. கடைக்காரன் ஆறத்தான் குடுப்பான். அந்தக் காலு எங்க போச்சுன்னு ஊரே கேட்டுச்சு. அத நல்லா வெவரமா ஏத்து.

அதே வருசம் ஆனி மாசத்துல, மாட்டுச் சந்தைக்குப் போறேன்னு வாங்கிட்டுப் போனதா எம்பேருல பதினாறு ரூவா பத்து எழுதியிருப்பாரு. அதுக்கடியில ஷை, ஷைன்னு நாலஞ்சு வரி வந்தாலும் வரும். அத மட்டும் ஒஞ் சீனாக்காரன் கணக்குலயே விட்டுருய்யா.